பார்டர் கோலி: தோற்றத்திற்கும் தொழிலுக்கும் இடையில் ஓர் அங்கீகார வரலாறு

முன்னுரை

நாயினம் ஒன்று அதிகாரப்பூர்வ அங்கீகாரம் பெறுவது, ஏற்கெனவே உள்ள ஓர் இனத்திற்குச் சான்றளிக்கும் எளிய நிகழ்வாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும், எப்பண்பைக் கொண்டு இனத்தை வரையறுப்பது, அவ்வாறு வரையறுக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் இரு வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் உருவான பார்டர் கோலி என்னும் மேய்ப்பு நாயின் வரலாறு இவ்வினாக்களைத் தெளிவுபடுத்துகிறது.

1873: இரு தொடக்கங்கள்

1859ஆம் ஆண்டு நியூகாசிலில் நடந்த கண்காட்சிக்குப் பின் நாய்க் கண்காட்சிகள் பிரித்தானியாவெங்கும் பரவின. அவற்றை நெறிப்படுத்த 1873 ஏப்ரலில் இலண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டது. மறு ஆண்டே அதன் முதல் குடிவழிப் பதிவேடு வெளிவந்தது. அதே 1873ஆம் ஆண்டு அக்டோபரில், வேல்சு நாட்டின் பாலாவில் மேய்ப்பு நாய்ப் போட்டி நடைபெற்றது. கண்காட்சியில் நடுவர் நாயின் உடலமைப்பை மதிப்பிட்டார். பாலாவிலோ செம்மறிகளை நடத்தும் திறன் மதிப்பிடப்பட்டது. ஒரே ஆண்டில் இருவேறு அளவுகோல்கள் நிலைகொண்டன எனலாம்.

தொழில்வழிப் பதிவு

நார்தம்பர்லாந்தைச் சேர்ந்த ஆடம் டெல்ஃபர் வளர்த்த ‘ஓல்டு ஹெம்ப்’ என்னும் நாய் 1893இல் பிறந்தது. குரைக்காமல், கூர்ந்த பார்வையாலேயே மந்தையை நடத்திய அதன் வழித்தோன்றல்களே இன்றைய பார்டர் கோலிகள். 1906இல் தோன்றிய பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கம் இவ்வினத்திற்குத் தோற்றவிதி எதனையும் வகுக்கவில்லை. குடிவழிச் சான்று இல்லாத நாயும் தன் மேய்ப்புத் திறனை மெய்ப்பித்தால் பதிவேட்டில் இடம்பெற அச்சங்கம் வழிவகுத்துள்ளது.

அங்கீகாரமும் எதிர்ப்பும்

பிரித்தானியக் கென்னல் கிளப் 1976இல் பார்டர் கோலியை அங்கீகரித்தது. எனினும், கண்காட்சி வெற்றியால் மட்டும் ‘கண்காட்சி சாம்பியன்’ என்ற பட்டமே கிடைக்கும். முழுமையான ‘சாம்பியன்’ பட்டத்திற்கு மேய்ப்புத் தேர்விலும் தேறவேண்டும். அமெரிக்கக் கென்னல் கிளப்பில் 1955 முதல் பல்வகைப் பிரிவில் இருந்த இந்நாய், 1995இல் முழு அங்கீகாரம் பெற்றது. அதனைக் கடுமையாக எதிர்த்தவர்கள் அந்நாயைக் கொண்டு தொழில் செய்தவர்களே. தோற்றத்தை நோக்கியே இனப்பெருக்கம் நிகழுமாயின் சில தலைமுறைகளில் மேய்ப்பியல்பு மங்கிவிடும் என்பது அவர்களது வாதம். அவர்கள் தமக்கெனத் தனிப் பதிவேடுகளைத் தொடர்ந்து பேணினர்.

புதிய இனங்களுக்கு அந்த அமெரிக்க அமைப்பு இன்று விதிக்கும் நிபந்தனைகளும் இங்குக் கருதத்தக்கவை. மூன்று தலைமுறைக் குடிவழி கொண்ட 300 முதல் 400 நாய்கள், குறைந்தது 20 மாநிலங்களில் பரவல், தேசிய அளவிலான இனச்சங்கம் ஆகியன அவற்றுள் அடங்கும். எண்ணிக்கையும் ஆவணமும் கேட்கப்படுகின்றன. தொழில்திறன் இப்பட்டியலில் இல்லை.

முடிவுரை

அங்கீகாரம் ஓர் இனத்தின் பெயரையும் குடிவழியையும் காக்கிறது. ஆனால், அது எதனைச் சான்றாகக் கேட்கிறதோ அதனையே வளர்ப்போர் பேணுவர். கேட்காதது காலப்போக்கில் நழுவும். எனவே மேய்ப்பர்களின் எதிர்ப்பை வெறும் பழமைப்பற்று எனத் தள்ளிவிட இயலாது. பிரித்தானிய மேய்ப்புத் தேர்வு காட்டுவதுபோல், அளவுகோலில் தொழிலுக்கும் இடமளித்தால் இரு மரபுகளும் ஒன்றையொன்று அழிக்காமல் நிலைபெற இயலும்.