பந்தும் பங்கும்

1869-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில், நியூ பிரன்ஸ்விக் என்னும் ஊரில், இரண்டு கல்லூரிகளைச் சேர்ந்த மாணவர்கள் ஒரு திடலில் கூடினார்கள். ஒரு பக்கம் ரட்கர்ஸ் கல்லூரி; மறு பக்கம் பிரின்ஸ்டன் நகரத்துக் கல்லூரி. பக்கத்துக்கு 25 பேர். அன்றைய ஆட்டத்தில் ரட்கர்ஸ் 6-க்கு 4 என்ற கணக்கில் வென்றது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரலாற்றை இந்த ஆட்டத்திலிருந்து தொடங்குவதே மரபு. அன்று ஒளிபரப்பும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, உரிமைத் தொகை என்ற பேச்சும் இல்லை. களத்தில் நின்ற இரு கல்லூரிகளும் ஒத்த நிலையில் நின்றன. அவ்விரண்டும் இன்று எங்கெங்கே நிற்கின்றன என்பதை இவ்வுரையின் இறுதியில் காண்போம்.

அமெரிக்கர் கால்பந்து என்று கூறுவது நாம் பழகிய கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம் அது. 1869-இல் ஆடிய ஆட்டத்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வழக்கம் இல்லை. அது பின்னர் வந்தது. ஒரு கல்லூரி மற்றொரு கல்லூரியோடு ஆண்டுதோறும் ஆட வேண்டுமாயின், விதிகளில் உடன்பாடு வேண்டும். ஆடுவோர் உண்மையான மாணவர்தாமா என்று காணும் காவலும் வேண்டும். இதற்காகவே கல்லூரிகள் குழுக்குழுவாகச் சேர்ந்தன. இக்குழுக்களை அவர்கள் ‘கான்பரன்ஸ்’ என்பார்கள். நாம் கூட்டமைப்பு எனலாம்.

இவற்றுள் புகழ்மிக்கது ‘பிக் டென்’ என்னும் கூட்டமைப்பு. ஆட்டத்தில் புகுந்த முறைகேடுகளை அடக்குவதற்காக, நடுமேற்கு மாநிலங்களின் பல்கலைக்கழகத் தலைவர்கள் 1895-ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் கூடிப் பேசினர். அடுத்த ஆண்டில் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கூட்டமைப்பை நிறுவின. ஒழுங்கைக் காக்கப் பிறந்த அமைப்பு அது, பொருளீட்டப் பிறந்ததன்று. பத்து என்னும் எண்ணைப் பெயரிலே தாங்கிய அதற்கு இன்று 18 உறுப்பினர் உளர். அந்த மாற்றத்தின் காரணத்தை ஆராய்ந்தால், நம் பொருள் தானே விளங்கும்.

தொடக்க நாளிலும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. 1920-களில் பெரிய பல்கலைக்கழகங்கள் மாபெரும் ஆட்டரங்குகளைக் கட்டின. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அரங்கு 1922-இலும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கு 1927-இலும் திறக்கப்பட்டன. மிச்சிகன் அரங்கில் இன்று ஓர் இலட்சம் பேருக்கு மேல் அமரலாம். நுழைவுச் சீட்டின் வருவாய் ஊருக்கு ஊர் வேறுபட்டது. எனினும், ஓர் அரங்கு கொள்ளும் கூட்டத்துக்கு ஓர் அளவு உண்டு. ஆதலால் செல்வத்துக்கும் ஓர் அளவு இருந்தது. கூட்டமைப்பை நிறுவிய எழுவருள் ஒன்றான சிக்காகோ பல்கலைக்கழகமோ, இந்தப் போட்டி கல்விக்குப் பொருந்தாது என்று கருதி, 1939-இல் தன் அணியையே கலைத்துவிட்டது. ஆட்டம் நின்றுபோன அந்த அரங்கின் படிக்கட்டுகளுக்கு அடியில்தான், 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், மனிதன் இயற்றிய முதல் அணுத் தொடர்வினை நடந்தேறியது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம்.

அந்த அளவை உடைத்தது தொலைக்காட்சி. வீட்டிலிருந்தே ஆட்டத்தைக் காண இயலுமாயின் அரங்குக்கு யார் வருவார் என்ற அச்சம் கல்லூரிகளுக்கு உண்டாயிற்று. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1951-இல் ஒளிபரப்பைக் கட்டுப்படுத்த முனைந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் தன் ஆட்டங்களைத் தன் விருப்பம்போல் ஒளிபரப்புவதாக அறிவித்தது. சங்கம் அதனை ஒழுங்கு தவறிய உறுப்பினர் என்று அறிவித்தது, எதிரணிகள் அதனோடு ஆட மறுத்தன, பென்சில்வேனியா பணிந்தது. அது முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், எந்த அணி எத்தனை முறை திரையில் தோன்றலாம் என்பதைச் சங்கமே வகுத்தது. 1982-இல் தொடங்கிய திட்டத்தின்படி, இரண்டு ஆண்டுகளில் ஓர் அணி ஆறு முறைக்கு மேல் தோன்றுதல் கூடாது. அத்திட்டத்துக்காக இரண்டு தொலைக்காட்சி நிறுவனங்கள் நான்கு ஆண்டுகளுக்கு 26 கோடியே 35 இலட்சம் டாலர் தர இசைந்தன.

அந்நாளைய பங்கீடு எத்தகையது என்பதை ஒரே நிகழ்ச்சியால் விளக்கலாம். 1981-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒக்லஹோமாப் பல்கலைக்கழகமும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் மோதின. இரண்டும் நாட்டின் முதல் ஐந்து அணிகளுள் எண்ணப்பட்டவை. அவ்வாட்டத்தை 200-க்கு மேற்பட்ட நிலையங்கள் ஒளிபரப்பின. அதே வேளையில், தென் கரோலினாவின் சிடாடல் கல்லூரிக்கும், வட கரோலினாவின் மலைநாட்டிலுள்ள அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும் நடந்த ஆட்டத்தை நான்கே நிலையங்கள் ஒளிபரப்பின. ஆயினும் நான்கு அணிகளுக்கும் கிடைத்த தொகை ஒன்றே. சிறிய கல்லூரிக்கு இது நற்பேறு. பெரிய கல்லூரிக்கோ இது கொள்ளை. அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அது நம்முன் வரும்.

பெரிய பல்கலைக்கழகங்கள் தமக்கென ஒரு தனிச் சங்கம் கண்டு, வேறொரு தொலைக்காட்சி நிறுவனத்தோடு பேச முற்பட்டன. தேசியச் சங்கம் தண்டிப்பதாக எச்சரித்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா என்னும் இரு பல்கலைக்கழகங்கள் நீதிமன்றம் சென்றன. 1984-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், உச்ச நீதிமன்றம் எழுவருக்கு இருவர் என்ற கணக்கில், சங்கத்தின் திட்டம் வணிகப் போட்டியைத் தடுப்பது. ஆகவே சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். அவர் இளமையில் கொலராடோப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். கல்லூரி ஆட்டத்தை வெறும் வாணிகச் சரக்காகக் கருதலாகாது என்பதும், வருவாயைப் பரப்பும் திட்டம் கல்வி நோக்குக்கும் அணிகளின் சமநிலைக்கும் துணைபுரிகிறது என்பதும் அவர் கருத்து.

பெரும்பான்மைத் தீர்ப்பிலும் நியாயம் இருந்தது என்பதை மறுத்தல் ஆகாது. பழைய திட்டம் மக்கள் காணக்கூடிய ஆட்டங்களைச் சுருக்கி, விலையை உயர்த்தி வைத்திருந்தது. பகிர்வு என்ற நல்ல பயனை, தடை என்ற தீய வழியால் அது பெற்றது. தடையை நீக்கிய நீதிமன்றம், பகிர்வுக்கு மாற்று வழி எதனையும் வகுக்கவில்லை. அது நீதிமன்றத்தின் வேலையும் அன்று. அந்த வெற்றிடத்தில்தான் ‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்னும் நம் பழமொழி உண்மையாயிற்று.

தீர்ப்புக்குப் பின் முதலில் விலை வீழ்ந்தது; எல்லாரும் விற்க முற்பட்டால் சரக்கு மலிவது இயல்பு. பிறகு வலியோர் ஒன்றுகூடினர். நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 1990-இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தோடு தனி ஒப்பந்தமே செய்துகொண்டது. எத்தனை வீடுகளில் தன் ஆட்டம் காணப்படும் என்பதே ஒரு கூட்டமைப்பின் மதிப்பாயிற்று. டெக்சாஸ் மாநிலத்தில் வேரூன்றியிருந்த தென்மேற்குக் கூட்டமைப்பு 1996-இல் மறைந்தது. அதன் கடைசி எட்டு உறுப்பினருள் நான்கு பல்கலைக்கழகங்கள் புதிய பெருங்கூட்டமைப்பில் இடம் பெற்றன. ரைஸ் முதலிய நான்கு பல்கலைக்கழகங்கள் சிறிய கூட்டமைப்புகளைத் தேடிச் சென்றன. நேற்று வரை ஒரே பந்தியில் அமர்ந்தவர்கள், இன்று வேறு வேறு பந்தியில் அமர்ந்தார்கள்.

1998-இல் நாட்டின் முதன்மை அணியைத் தேர்ந்தெடுக்க ஒரு புது முறை வந்தது. அதன்படி ஆறு கூட்டமைப்புகளின் வெற்றியாளருக்குப் பெரும் பரிசாட்டங்களில் இடம் உறுதி. ஏனையோர் கதவைத் தட்டிக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர் திறமை குறைந்தவரோ? 2007-ஆம் ஆண்டு முதல் நாளன்று, ஐடஹோ மாநிலத்தின் பாய்சி ஸ்டேட் அணி, முன்னே வழக்குத் தொடுத்த அதே ஒக்லஹோமாவை 43-க்கு 42 என்று வென்றது. அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோலாத அந்த அணிக்கு முதன்மைப் பட்டத்துக்கான ஆட்டம் வாய்க்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள், அப்பலாச்சியன் ஸ்டேட் மீண்டும் வரலாற்றில் தோன்றுகிறது. பெரிய பல்கலைக்கழகம் சிறிய பல்கலைக்கழகத்துக்கு ஒரு தொகை கொடுத்துத் தன் அரங்குக்கு அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அழைப்பவர் எளிய வெற்றியை எதிர்பார்க்கிறார்; வருபவர் தம் ஆண்டுச் செலவுக்குப் பணம் தேடுகிறார். மிச்சிகன் அத்தகைய ஓர் ஆட்டத்துக்கு 4 இலட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட்டை அழைத்தது. அப்போது மிச்சிகன் நாட்டின் ஐந்தாம் தரத்து அணி. ஓர் இலட்சம் பேர் பார்த்திருக்க, மலைநாட்டுச் சிறிய பல்கலைக்கழகம் 34-க்கு 32 என்று வென்றது. 1981-இல் சமபங்கு பெற்ற பல்கலைக்கழகம் 2007-இல் கூலி பெற்று ஆட வந்தது. அதன் ஆற்றல் குறைந்துவிடவில்லை. பங்கிடும் விதியே மாறியிருந்தது.

இன்றைய தொகைகளைக் காண்போம். பிக் டென் கூட்டமைப்பு 2022-இல் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்தது. அதற்கு முன்னரே, 2023-ஆம் நிதியாண்டில், அதன் உறுப்பினர் பெரும்பாலோர் தலைக்கு ஏறத்தாழ 6 கோடி டாலர் பெற்றனர். அதே நடுமேற்கில் 1946-இல் தோன்றிய மத்திய அமெரிக்கக் கூட்டமைப்பின் உறுப்பினருக்குத் தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் ஆண்டொன்றுக்குக் கிடைப்பது பத்து இலட்சம் டாலரையும் எட்டவில்லை. திரையில் இடம் பெறுவதற்காக, அக்கல்லூரிகள் மரபான சனிக்கிழமையை விட்டு, நவம்பர் மாதக் குளிரில், செவ்வாய் புதன் இரவுகளில் ஆடுகின்றன. தேசிய முதன்மைப் போட்டியின் வருவாயைக் குறித்து 2024-இல் கண்ட உடன்பாடும் இவ்வாறே. 2026 முதல் இரண்டு பெருங்கூட்டமைப்புகளுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 29 வீதம். சிறிய கூட்டமைப்புகள் அனைத்துக்கும் சேர்ந்து ஏறத்தாழ 9.

பெரியவற்றுள்ளும் பாதுகாப்பு இல்லை. 1915-இல் வேர்கொண்ட பசிபிக் கரைக் கூட்டமைப்பின் 12 உறுப்பினருள் பத்துப் பல்கலைக்கழகங்கள் 2022, 2023 ஆண்டுகளில் விலக முடிவு செய்தன. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தை ஒரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்னும் இரண்டே உறுப்பினரோடு அது கழித்தது. ஆட்டக்காரருக்குப் பல்கலைக்கழகமே நேராகப் பணம் தரலாம் என்ற நிலை 2025-இல் ஏற்பட்டது. முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் தரத்தக்க உச்ச அளவு 2 கோடியே 5 இலட்சம் டாலர். நெடுங்காலம் ஊதியமின்றி உழைத்த இளைஞருக்கு இது காலம் கடந்து வந்த நீதியே. எனினும் அந்த உச்சத்தை எட்ட வல்லவர் யார் என்பது சொல்லாமலே விளங்கும்.

மாணவர்களே, இது அரங்கத்தோடு முடியும் செய்தி அன்று. சிறிய கூட்டமைப்புகளைச் சேர்ந்த பல பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறையின் செலவுக்குப் பெரும்பகுதி மாணவர் செலுத்தும் கட்டணத்திலிருந்தும் பொது நிதியிலிருந்தும் வருகிறது. ஆட்டத்தை ஒருநாளும் காணாத மாணவனும் அதற்குப் பணம் கட்டுகிறான். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரப் பல்கலைக்கழகம், செலவைத் தாங்க இயலாதென்று 2014-இல் தன் அணியைக் கலைத்தது. ஊரார் மனம் பொறாது நன்கொடை திரட்டினர். 2015-இல் முடிவு மாற்றப்பட்டது. 2017-இல் அணி மீண்டும் களம் புகுந்தது. ஊர் தோறும் இத்தகைய புரவலர் கிடைப்பார் என்று சொல்ல இயலுமோ?

இங்கே ஒரு வியப்பைக் காணலாம். ஊதியத்துக்கு ஆடும் தொழில்முறை அணிகளுக்கென 1961-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அணிகள் தம் ஒளிபரப்பு உரிமைகளை ஒன்றாகத் திரட்டி விற்க அது இசைவு தந்தது. தேசியத் தொலைக்காட்சி வருவாயை அவ்வணிகள் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களே வாழும் கிரீன் பே நகரத்து அணியும், நியூ யார்க் மாநகரத்து அணியும் பெறும் பங்கு ஒன்றே. எதிரணி வறுமையால் மடிந்தால் தம் ஆட்டமும் மடியும் என்பதை வணிகர் உணர்ந்திருக்கிறார்கள். அச்சட்டம் கல்லூரிகளைத் தழுவவில்லை. இலாபத்தை நாடுவோர் பகிர்ந்து உண்ண, கல்வியின் பெயரால் கூடியோர் பகிர மறுக்கும் விந்தை இதனால் நேர்ந்தது.

தொடக்கத்தில் கூறிய இரு கல்லூரிகளுக்கு வருவோம். ரட்கர்ஸ் 2014-இல் பிக் டென் கூட்டமைப்பில் சேர்ந்தது. 2024 முதல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் அதன் கூட்டாளி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நாலாயிரம் கிலோமீட்டர் தூரம். பிரின்ஸ்டனோ, விளையாட்டுக்கென உதவித்தொகை அளிக்காத ‘ஐவி லீக்’ கூட்டமைப்பில் நிலைத்து நிற்கிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. 1869-இல் நேர்நின்று ஆடிய இருவரும் அண்டை வீட்டாராகவே இருக்கிறார்கள். ஆயினும் அவர்களின் அணிகள் இன்று ஒரு களத்தில் சந்திப்பதில்லை.