இங்கிலீஷ் பேச வருது, பரீட்சையில எழுத வரலையே ஏன்? புதுச்சேரி கிராமப் பள்ளிகளும் 'பாட ஆங்கிலமும்': முழு விளக்கம்

திருக்கனூர் கடைத்தெருவில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை நிறுத்தி, "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெயர், படிக்கும் வகுப்பு, பிடித்த கிரிக்கெட் வீரர் எல்லாம் ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுவான். அதே பையன் அறிவியல் வினாத்தாளில் "ஜஸ்டிஃபை யுவர் ஆன்சர்" என்று பார்த்தால் பேனாவை வைத்துவிட்டு யோசிக்கிறான். பதில் தெரியாமல் இல்லை. கேள்வி என்ன கேட்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

இது மாணவனின் சோம்பேறித்தனமா, ஆசிரியரின் குறையா? இரண்டும் இல்லை என்கிறது மொழிக்கல்வி ஆய்வு.

புதுச்சேரியில் என்ன மாறியது?

புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் நீண்ட காலமாகத் தமிழ்நாடு பாடத்திட்டத்தைப் பின்பற்றின. மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. தொடக்க வகுப்புகளில் சிபிஎஸ்இ முறை முன்பே வந்துவிட்டது. 2023-24 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையும், 11-ம் வகுப்பும் அதற்கு மாறின. நூற்றுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் ஒரே நேரத்தில் மாறின. இந்த மாணவர்கள் 2025-ல் முதல்முறையாக சிபிஎஸ்இ 10, 12-ம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஒன்பதில் மாறிய பிள்ளைக்குக் கிடைத்தது இரண்டே வருஷம். அது போதுமா?

இரண்டு வருஷத்தில் எது வரும், எது வராது?

கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-ல் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். மொழித்திறன் இரண்டு வகை என்றார்.

• அன்றாடப் பேச்சு மொழி: கடையில், விளையாட்டில், நண்பர்களிடம் பேசுவது. முகபாவம், கை சைகை, சூழல் எல்லாம் துணைக்கு வரும். சுமார் 2 ஆண்டுகளில் பிடிபடும்.

• பாட மொழி: காரணம் சொல்வது, ஒப்பிடுவது, வகைப்படுத்துவது, வாதிடுவது. சைகை உதவாது, எழுத்து மட்டும்தான். இதில் உடன் படிக்கும் மாணவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும்.

கம்மின்ஸ் ஆராய்ந்தது கனடாவுக்குக் குடியேறிய பிள்ளைகளை. அவர்களுக்குத் தெரு, கடை, தொலைக்காட்சி எல்லாமே ஆங்கிலம். திருக்கனூரிலோ பாகூரிலோ பள்ளி வாசலைத் தாண்டினால் தமிழ்தான். அப்படியென்றால் இங்கே அதைவிடக் கூடுதல் காலமும் உதவியும் தேவைப்படும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும்.

தெரிந்த வார்த்தையே காலை வாருவது எப்படி?

புது வார்த்தையை அகராதியில் பார்க்கலாம். ஏற்கெனவே தெரிந்த வார்த்தை, பாடத்தில் வேறு பொருளில் வந்தால்தான் தொல்லை.

• வால்யூம்: வீட்டில் டிவி சத்தம். கணக்கில் கன அளவு.
• டேபிள்: வீட்டில் மேசை. வினாத்தாளில் அட்டவணை.
• பவர்: வீட்டில் கரன்ட். இயற்பியலில் திறன். கணக்கில் அடுக்கு.
• வொர்க்: வீட்டில் வேலை. இயற்பியலில் விசை கொடுத்து, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்தால்தான் வேலை.

கடைசி உதாரணத்தைக் கவனியுங்கள். நெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் அரைமணி நேரம் நிற்கிறார் ஒரு தொழிலாளி. இயற்பியல் கணக்குப்படி அந்த மூட்டையின் மீது அவர் செய்த வேலை பூஜ்ஜியம்! அறுவடைக் காலத்தில் அப்பா படும் பாட்டைப் பார்த்த பிள்ளைக்கு இது அநியாயமாகத்தான் படும். "நாம சொல்ற வேலை வேற, பாடத்துல சொல்ற வேலை வேற" என்று ஆசிரியர் ஒரு நிமிடம் தமிழில் பேசினால் குழப்பம் தீரும்.

கேள்விக்குள் இருக்கும் கட்டளைச் சொற்கள்

சிபிஎஸ்இ 2024-25-ல் 11, 12-ம் வகுப்புகளில் திறன் சார்ந்த கேள்விகளை 40-லிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. 9, 10-ல் ஏற்கெனவே 50 சதவீதம். மனப்பாடம் செய்த பத்தியை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்குவது இனி கஷ்டம். இந்த ஆறு சொற்களாவது கைவசம் இருக்க வேண்டும்:

• டிஃபைன்: வரையறை கொடு
• டிஸ்கிரைப்: எப்படி இருக்கிறது என்று விவரி
• எக்ஸ்பிளெய்ன்: எப்படி, ஏன் என்று விளக்கு
• கம்பேர்: ஒற்றுமை, வேற்றுமை சொல்
• இன்ஃபர்: கொடுத்ததை வைத்து ஊகித்து அறி
• ஜஸ்டிஃபை: உன் பதில் சரி என்பதற்குக் காரணம் காட்டு

இவற்றை ஆங்கில ஆசிரியர் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. அறிவியல், சமூக அறிவியல், கணக்கு ஆசிரியர்களும் அவரவர் பாடத்தில் பழக்க வேண்டும்.

பண்பாடு இதில் எங்கே வருகிறது?

10-ம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் 'எ லெட்டர் டு காட்' என்ற கதை உண்டு. லெஞ்சோ என்ற விவசாயி. ஆலங்கட்டி மழையில் பயிர் மொத்தமும் அழிகிறது. கடவுளிடம் 100 பெசோ கேட்டுக் கடிதம் எழுதுகிறார். தபால் அதிகாரி நண்பர்களிடம் வசூலித்து 70 பெசோ அனுப்புகிறார்.

பெசோ தெரியாது. ஆலங்கட்டி மழையும் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பயிர் மூழ்குவது என்றால் என்னவென்று புதுச்சேரி கிராமத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. அந்த அனுபவத்தில் தொடங்கி லெஞ்சோவிடம் போனால், கதை தூரத்து ஊர்க் கதையாக இருக்காது.

அமெரிக்காவின் அரிசோனாவில் லூயிஸ் மோல் குழுவினர் 1990-களில் சொன்னதும் இதுதான்: குடும்பத்தின் தொழிலும் அனுபவமும் ஓர் அறிவுச் சேமிப்பு, ஆசிரியர் அதைப் பாடத்துக்குப் பயன்படுத்தலாம்.

தமிழர் அனுபவமும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்கால வகுப்பறையைப் பற்றி 1999-ல் நூல் எழுதினார். அமெரிக்க வாழ்க்கையைப் பேசும் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் தங்கள் உலகத்தை எழுதியும் வரைந்தும் வைத்திருந்ததை அதில் ஆராய்ந்தார். புத்தகம் அவர்கள் வாழ்க்கையைத் தொடவில்லை. அவர்களாகவே அதை உள்ளே கொண்டுவந்திருந்தார்கள்.

வகுப்பில் என்ன செய்யலாம்? உள்ளூர் உதாரணம்

திருக்கனூர் காகிதக்கூழ் கைவினைப் பொருள்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வில்லியனூர் சுடுமண் பொருள்களுக்கும் உண்டு. காகிதக்கூழ் பொம்மையை வைத்தே ஒரு பாடம் நடத்தலாம்.

1. பொம்மை எப்படிச் செய்வது என்று முதலில் தமிழில் பேசவிடுங்கள்: ஊறவைத்து, அரைத்து, அச்சில் அழுத்தி, காயவைத்து, வண்ணம் பூசுவது.
2. ஒவ்வொரு படிக்கும் பாடச் சொல்லைக் கொடுங்கள்: அப்சார்ப், மிக்ஸ்சர், மோல்டு, எவாப்பரேட்.
3. வாக்கியச் சட்டம் கொடுங்கள்: "ஃபர்ஸ்ட்... தென்... பிகாஸ்... தேர்ஃபோர்..."
4. இருவர் இருவராகப் பேசிப் பார்க்கட்டும். அப்புறம் எழுதட்டும்.

இதே மாணவன் நாளைக்கு ஆவியாதல் பற்றி எழுதும்போது, "பிகாஸ்" என்ற இடத்தில் தடுமாற மாட்டான்.

வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெடுமா?

பலரும் அப்படித்தான் பயப்படுகிறார்கள். கம்மின்ஸ் இதைப் பனிப்பாறையோடு ஒப்பிட்டார். மேலே இரண்டு முகடுகள், இரண்டு மொழிகள். நீருக்கு அடியில் பாறை ஒன்றுதான். தமிழில் காரணம் சொல்லத் தெரிந்தவன் அந்தத் திறமையை ஆங்கிலத்துக்கும் எடுத்துப்போவான். தமிழிலேயே பிடிபடாததை ஆங்கிலத்தில் மனப்பாடம்தான் செய்ய முடியும்.

முடிந்தவரை 5-ம் வகுப்பு வரையாவது தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. பயிற்றுமொழியாக இந்திய மொழிகளையும் பயன்படுத்தலாம் என்று சிபிஎஸ்இ 2023 ஜூலையில் பள்ளிகளுக்குத் தெரிவித்தது.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியலைன்னா?

கவலை வேண்டாம். வீட்டில் செய்ய வேண்டியது மூன்றுதான்:

• "இன்னிக்கு என்ன படிச்ச, எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லு" என்று தினமும் கேளுங்கள்.
• பதில் சொன்னதும், "அது ஏன் அப்படி?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். "ஜஸ்டிஃபை" என்பதற்கான பயிற்சியே இதுதான்.
• தமிழ்ச் செய்தித்தாளோ கதையோ தினமும் ஒரு பக்கம் வாசிக்க வையுங்கள்.

மதிப்பெண் குறைந்தால் உடனே "இவனுக்குப் படிப்பு ஏறல" என்று முடிவுகட்டாதீர்கள். வினாத்தாளை எடுத்து, கேள்வியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் குறை பாட அறிவில் இல்லை, மொழியில் இருக்கிறது. அதை ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.