சுகாதார ஆய்வில் கோடிங் சிக்கலா? யாரிடம், எப்படி உதவி கேட்பது?

மூணாறில் இருந்து சுமார் 13 கி.மீ தொலைவில் இருக்கிறது மாட்டுப்பட்டி. கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். அணையைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பழக்கமான ஊர். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வேலை பார்க்கின்றன.

இங்குள்ள லயம் ஒன்றில் வசிக்கும் ஒரு பெண் தொழிலாளியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பரிசோதனையில் அவருடைய ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.6 கிராம் என்று வருகிறது. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. அப்போ இவருக்குப் பிரச்னை இல்லை, சரிதானே?

அவசரப்பட வேண்டாம். அவர் எந்த உயரத்தில் வசிக்கிறார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உயரம் ஏன் முக்கியம்?

மலையில் ஏற ஏற காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட உடல் கூடுதலாக ஹீமோகுளோபினை உருவாக்கும். அதனால் சமவெளியில் இருப்பவருக்குப் 'போதுமான' அளவு, மலையில் இருப்பவருக்குப் போதாமல் போகலாம். இதற்காகவே, உயரத்துக்கு ஏற்ப ஒரு தொகையைக் கழித்துவிட்டு ஒப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2011-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, மாட்டுப்பட்டி உயரத்துக்குக் கழிக்க வேண்டியது சுமார் 0.5 கிராம். 12.6 என்பது 12.1 ஆகும். ரத்தசோகை இல்லை. 2024-இல் வந்த புதிய வழிகாட்டுதல், 1,500 முதல் 1,999 மீட்டர் வரை 1.1 கிராம் கழிக்கச் சொல்கிறது. இப்போது 11.5. ரத்தசோகை உண்டு.

அதே பெண், அதே ரத்தம்தான். மாறியது புரோகிராமில் ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதுவது பெரும்பாலும் ஆய்வறிக்கை முடிக்க வேண்டிய அவசரத்தில் இருக்கும் ஒரு முதுநிலை மாணவர். அவருக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எரர் வராத பிழைதான் ஆபத்து

கோடிங்கில் உதவி தேவைப்படுவது, திரையில் சிவப்பு எழுத்தில் எரர் வரும்போது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நல்ல பிழை. வேலை அங்கேயே நின்றுவிடும், நீங்களும் கவனித்துவிடுவீர்கள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான விடையைத் தருகிற பிழைதான் கவலைக்குரியது.

ஓர் எளிய கணக்கு. 100 பெண்களிடம் ஆய்வு. 30 பேருக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே, 60 பேருக்கு 12 அல்லது அதற்கு மேல். மீதி 10 பேர் பரிசோதனைக்கு வரவில்லை, அவர்களுக்கு எதிரே காலியிடம். 'ஹீமோகுளோபின் 12-க்குக் குறைவென்றால் ரத்தசோகை, இல்லையென்றால் இல்லை' என்று மூன்று மென்பொருள்களில் எழுதுகிறீர்கள்.

ஸ்டேட்டா, காலியிடத்தை எல்லா எண்ணையும் விடப் பெரியதாக எடுத்துக்கொள்ளும். வராத 10 பேரும் 'ரத்தசோகை இல்லாதவர்கள்' ஆகிவிடுவார்கள். விடை 30%.

எஸ்ஏஎஸ் இதற்கு நேர் எதிர். காலியிடம் எல்லா எண்ணையும் விடச் சிறியது. வராத 10 பேருக்கும் ரத்தசோகை என்று எழுதிவிடும். விடை 40%.

ஆர் மென்பொருள் 'தெரியாது' என்றே வைத்துக்கொள்ளும். அவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 90 பேரில் 30 பேர். விடை 33.3%.

மூன்றிலும் எரர் வராது. சொன்னதைத்தான் அவை செய்தன. கேட்டவர் காலியிடங்களைப் பற்றி யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பெரிய ஆய்வுகளிலும் நடக்குமா?

நடந்திருக்கிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள 240 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, 2018-இல் 'ஜாமா' இதழில் வெளியானது. சிறப்புப் பராமரிப்பு பெற்றவர்கள் 6 மாதங்களில் சராசரியாக 0.72 முறையும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் 1.40 முறையும் இந்த நோய்க்காக மருத்துவமனை அல்லது அவசரப் பிரிவுக்குப் போனதாக அது சொன்னது. பெரிய வெற்றி என்றே தோன்றியது.

ஆனால் இரு குழுக்களுக்கும் கொடுத்திருந்த 1, 2 என்ற குறியீடுகளை 0, 1 என்று மாற்றும்போது குழுக்கள் இடம் மாறிவிட்டன. உண்மையில் சிறப்புப் பராமரிப்பு பெற்றவர்களுக்குத்தான் 1.40. ஆய்வாளர்களே இதைத் தெரிவித்தார்கள். 2019 அக்டோபரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, திருத்திய வடிவம் வெளியானது.

இந்தியத் தரவில் எங்கே கவனம் வேண்டும்?

தேசிய குடும்பநல ஆய்வைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். 2019-21-இல் நடந்த ஐந்தாவது சுற்றின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் கேரளாவில் 36.3%, தமிழ்நாட்டில் 53.4%, நாடு முழுவதும் 57%. இதன் மூலத்தரவை எடுத்து நீங்களே கணக்கிடும்போது சில இடங்களில் சறுக்கும்.

தரவில் 12.6 என்பது 126 என்று இருக்கும். 994, 995, 996 போன்ற எண்கள் அளவீடு அல்ல. வீட்டில் இல்லை, மறுத்துவிட்டார் என்பது போன்ற காரணங்களுக்கான குறியீடு. அப்படியே சராசரி எடுத்தால் எண் எங்கோ போய்விடும். ஒவ்வொருவருக்கும் உள்ள எடை மதிப்பை 10 லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டும்.

முக்கியமாக, ஹீமோகுளோபினுக்கு இரண்டு பத்திகள் உண்டு. வி453 அளந்த எண். வி456 உயரத்துக்கும் புகைப்பழக்கத்துக்கும் ஏற்கெனவே திருத்தியது. வி456-ஐ எடுத்து மறுபடியும் உயரத்துக்குக் கழித்தால், ஒரே திருத்தத்தை இரண்டு முறை செய்ததாகிவிடும். தவிர, இந்தச் சுற்று 2024 வழிகாட்டுதலுக்கு முந்தையது. புதிய முறையில் கணக்கிட்ட உங்கள் தோட்டத்து எண்ணை இதனுடன் நேரடியாக ஒப்பிட முடியாது.

யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை. அங்கே பெரும்பாலும் புள்ளியியல் ஆசிரியர் ஒருவர் இருப்பார். தரவு சேகரித்து முடித்த பிறகு போகாமல், கேள்வித்தாள் தயாரிக்கும்போதே அவரைப் பாருங்கள். தவறாகச் சேகரித்த தரவை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்ப்புள்ளியியல் துறை, சென்னையில் உள்ள ஐசிஎம்ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆகியவை இத்துறையில் நீண்ட அனுபவம் கொண்டவை. ஆய்வு முறைகள் குறித்து தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைன் வகுப்புகளும் நடத்துகிறது. மென்பொருள் வாங்கக் காசு இல்லையென்றால் ஆர், எபி இன்ஃபோ இரண்டும் இலவசம்.

எப்படிக் கேட்பது?

'வேலை செய்யலை, ஹெல்ப் பண்ணுங்க' என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. கேள்வியில் இவை இருக்கட்டும்:

• ஆய்வின் கேள்வி என்ன என்று இரண்டு வரி. கோடிங் சரியாக இருந்து, கேள்வியே தவறாக இருக்கலாம்.

• ஐந்தாறு வரிகள் கொண்ட சின்ன மாதிரித் தரவு. அதில் ஒரு காலியிடமாவது இருக்க வேண்டும்.

• நீங்கள் எழுதிய புரோகிராம், ஸ்கிரீன்ஷாட்டாக இல்லாமல் எழுத்தாக.

• என்ன விடை எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. மாதிரி சிறியதாக இருந்தால் கையாலேயே போட்டுப் பார்த்துச் சொல்லலாம்.

• மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும்.

இப்படி ஒரு மாதிரியைத் தயாரிக்கும்போதே பாதிப் பிழைகள் கண்ணில் பட்டுவிடும் என்பது அனுபவசாலிகள் அடிக்கடி சொல்வது.

எதை அனுப்பக் கூடாது?

நோயாளிகளின் உண்மையான தரவை அனுப்பவே கூடாது. மின்னஞ்சல், வாட்ஸ்ஆப், செயற்கை நுண்ணறிவுச் செயலி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் பங்கேற்பாளர்களின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சில நூறு பேர் வசிக்கும் ஒரு தோட்டத்தில் வயது, லயம், நோய் மூன்றும் தெரிந்தாலே ஆள் யார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். மாதிரிக்கு நீங்களே கற்பனையாக எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்கத் தயங்கலாமா?

'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் பலருக்கு உண்டு. அந்தக் கூச்சத்தின் விலையை மாணவர் கொடுப்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரை எந்தத் தோட்டத்துக்கு, எத்தனை பேருக்கு என்று முடிவெடுப்பவர்கள் இப்படிப்பட்ட எண்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மேலே பார்த்த அந்தப் பெண்ணை, விட்டுப்போன ஒரு வரி 'ஆரோக்கியமானவர்' என்று பட்டியலிட்டால், அவர் களைப்போடு கொழுந்து பறித்துக்கொண்டேதான் இருப்பார்.