கிளிஞ்சல் கோட்டை

எந்தப் பழைய கட்டடத்துக்குள் போனாலும் சுவரையும் தரையையும் தட்டிப் பார்ப்பது என் பழக்கம். கட்டடப் பொறியியல் படித்த தோழர்கள் பலருக்கும் இந்த வியாதி இருக்கும். மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம், அமெரிக்காவின் புளோரிடாவில், செயின்ட் அகஸ்டின் நகரக் கடலோரத்தில் நிற்கும் காஸ்டில்லோ டி சான் மார்கோஸ் கோட்டையிலும் அப்படித்தான் குனிந்து பார்த்தேன். தரை முழுக்கக் கிளிஞ்சல்!

அந்த ஊரில் ஸ்பானியர் முதலில் கட்டியவை மரக்கோட்டைகள். ஒன்பது கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. 1668-இல் கடற்கொள்ளையர் ஊரைச் சூறையாடினர். 1670-இல் வடக்கே சார்லஸ் டவுனில் ஆங்கிலேயர் வந்து குடியேறிவிட்டனர். பிறகுதான் கல்கோட்டைக்கு வழி பிறந்தது. 1672-இல் தொடங்கிய வேலை 1695-இல் முடிந்தது. கொத்தனார்கள் ஹவானாவிலிருந்து வந்தார்கள். கல்லை வெட்டிச் சுமந்தவர்கள் பெரும்பாலும் அந்த மண்ணின் பூர்வகுடிகள். கைதிகளும் ஆப்பிரிக்க அடிமைகளும் உண்டு.

கல் என்றேனே, அது கருங்கல் அல்ல. எதிர்க்கரையிலுள்ள அனஸ்டாசியா தீவில் சின்னஞ்சிறு சிப்பிகள் காலப்போக்கில் ஒட்டி இறுகிய கோக்கினா என்ற கல். வெட்டும்போது ஈரமாய், மெத்தென்று இருக்கும். காயப்போட்ட பிறகே சுவரில் வைக்க முடியும். நம்ம கொத்தனாரிடம் காட்டினால் "இது கல்லாங்க?" என்று சிரித்திருப்பார். ஆனால் 1702-இல் ஆங்கிலேயர் சுமார் 50 நாள் முற்றுகையிட்டபோதும், 1740-இல் 27 நாள் குண்டு பொழிந்தபோதும் கோட்டை விழவில்லை. கருங்கல்லாக இருந்தால் வெடித்துச் சிதறியிருக்கும். இதிலோ, ஈரக் களிமண்ணில் கோலி பதிவதுபோல் குண்டு பதிந்து நின்றுவிட்டது.

இனி தரைக்கு வருவோம். கடற்சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, மணலும் உடைந்த சிப்பியும் தண்ணீரும் கலந்து, கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்துவது. டாபி என்று பெயர். பீரங்கிகள் நின்ற மேல்தளமும் இதேதான். முதலில் அந்தத் தளத்தை மர உத்திரங்களின்மேல் போட்டார்கள். உப்புக்காற்றிலும் ஈரத்திலும் உத்திரங்கள் உளுத்துப்போயின. 1738 முதல் அவற்றை எடுத்துவிட்டுக் கல்வளைவு அறைகளைக் கட்டினார்கள். 1756-இல் முடிந்தது. வளைவு தாங்கியதால் பீரங்கிகளை எந்தப் பக்கமும் நிறுத்த முடிந்தது.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நம்ம மெட்ராஸ் டெரஸும் இதற்குப் பங்காளிதானே! மர உத்திரம், அதன்மேல் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும். கடுக்காய்த் தண்ணீர் தெளித்துக்கொண்டே பெண்கள் வரிசையாய் உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிய சென்னைச் சுவர் பளிங்குபோல் மின்னுவதைப் பார்த்து வெள்ளைக்காரர்களே வியந்திருக்கிறார்கள். நாம் படித்த நாலு வருஷத்தில் இதற்கு எத்தனை வகுப்பு நடந்தது, யோசித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டு மாடியும் அப்படிப்பட்டதுதான். ஒரு மழைக்காலத்தில் ஒழுகியது. அப்பா சுண்ணாம்புக் கொத்தனாரைத் தேடிக்கொண்டிருந்தார். "நான் எஞ்சினியர், நீங்க சும்மா இருங்கப்பா" என்று சொல்லி, மேலே சிமெண்டைப் பூசினேன். வெயிலில் அது வெடித்தது. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாகிப் போக வழியின்றி உள்ளேயே தங்கியது. சில வருஷம் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது, பதினோரு தேக்கு உத்திரத்தில் இரண்டுதான் தேறின. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டையும் திண்ணையில் பெஞ்சாகப் போடச் சொன்னார்.