ஒரே ஒருவர் கேட்ட கதை

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 அன்று இணையத்தில் ஓர் இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைகள் ஒரே நேரத்தில் திறக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஆளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பரிசு. எழுதியவர் யார் என்பதை மட்டும் ஜனவரி 1 வரை சொல்ல மாட்டார்கள். 'யூல்டைட்' என்ற இந்தக் கதைப் பரிமாற்றம் 2003இல் தொடங்கியது.

ரசிகர் புனைவு என்றால் ஏதோ புதுச் சங்கதி என்று தோன்றலாம். படித்து முடித்த பிறகும் மனத்தைவிட்டு அகலாத கதைமாந்தரை மறுபடி நடமாட விடுவதுதான் அது. கல்கி 1954இல் முடித்த 'பொன்னியின் செல்வ'னைத் தொடர்ந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதியதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த ஆசை புரியும். இங்கிலாந்தில் டோரதி சேயர்ஸ் பாதியில் விட்டுச்சென்ற, துப்பறிவாளர் பீட்டர் விம்சி வரும் நாவலை ஜில் பேட்டன் வால்ஷ் முடித்து, அது 1998இல் புத்தகமாக வந்தது. அவையெல்லாம் கடையில் விலைக்கு வந்தவை. யூல்டைட் கதைக்கு விலை கிடையாது. ஆனால் அதைக் கேட்டவர் ஒருவர் உண்டு.

இந்தக் கேட்டு வாங்கும் வழக்கம் தொடக்கத்திலேயே இருந்ததில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' தொடர் 1966 செப்டம்பரில் வந்தது. அடுத்த ஆண்டே தேவ்ரா லாங்சம், ஷெர்னா கமர்ஃபோர்ட் இருவரும் நியூயார்க்கிலிருந்து 'ஸ்பாக்கனேலியா' என்ற ரசிகர் இதழைக் கொண்டுவந்தார்கள். சைக்ளோஸ்டைல் எடுத்துத் தபாலில் போன இதழ்களின் காலம் அது. எதை எழுதுவது என்பது எழுதுபவர் விருப்பம், எதைச் சேர்ப்பது என்பது தொகுப்பவர் விருப்பம்.

1998இல் ஃபேன்ஃபிக்ஷன்.நெட், 1999இல் லைவ்ஜர்னல் என இணையத்தில் இடங்கள் கிடைத்ததும் நிலைமை மாறியது. எழுதுபவரும் படிப்பவரும் ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். யூல்டைட் தொடங்கிய அதே 2003இல், ஒருவர் எழுதிய கதையை இன்னொருவர் தன் பாணியில் திருப்பி எழுதும் ரீமிக்ஸ் பரிமாற்றமும் தொடங்கியது. யூல்டைட்டுக்கு ஒரு தனி விதி: அரிதானவற்றுக்கு மட்டுமே இடம். ஹாரி பாட்டர் போல லட்சக்கணக்கான ரசிகர் கதைகள் உள்ள உலகங்களுக்கு அனுமதி இல்லை. எழுத ஆளில்லாத பழைய நாவல், ஒரு பாட்டு, ஒரு விளம்பரப் படம் போன்றவற்றுக்குத்தான் இந்த விழா.

அந்த ஒரு விதிதான் 'எந்தக் கோரிக்கைக்கு எழுதுவது' என்பதை இவ்வளவு கனமான முடிவாக்கியது.

முடிவு இரண்டு கட்டமாக நடக்கிறது. இலையுதிர்காலத்தில் பெயர் பதியும்போது ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய கதையுலகங்களையும் மாந்தர்களையும் எழுதித் தருகிறார்கள். தம்மால் எழுத முடிந்தவற்றையும் அதே படிவத்தில் குறிக்கிறார்கள். ஒருவர் கேட்டதையும் இன்னொருவர் தர முன்வந்ததையும் கணினி ஒப்பிட்டு இணைத்துவிடும். நிறையக் குறித்தால் எளிதில் இணை கிடைக்கும். ஆனால் பத்தாண்டுக்கு முன் ஒரு முறை படித்ததோடு சரி என்ற நாவலைக் குறித்துவிட்டு அதுவே வந்து சேர்ந்தால், வாரக்கணக்கில் தூக்கம் போகும். அனுபவப்பட்டவர்கள் குறிப்பதற்கு முன்பே மூலத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். இந்த மனிதர் பேசினால் என் காதில் குரல் கேட்கிறதா? கேட்டால் மட்டுமே பெட்டியில் டிக்.

இன்னொரு வகையினரும் உண்டு. தமக்கு மிகப் பிடித்தது எது என்று பாராமல், வேறு யாரும் தர மாட்டார்கள் என்று தெரிந்த ஒன்றைக் குறிப்பவர்கள். ஒரே கதையுலகத்தை ஆண்டுதோறும் கேட்டு ஆண்டுதோறும் ஏமாறும் ஆட்கள் இந்த விழாவில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு நாவலைத் தேடிப் பிடித்துப் படிக்கும் அந்த மனசுதான் இந்தப் பரிமாற்றத்தை இத்தனை காலம் தாங்கி நிற்கிறது.

இரண்டாம் கட்டம் இணை தெரிந்த பிறகு. பெறுபவர் பல உலகங்களைக் கேட்டிருப்பார். எழுதுபவர் ஒன்றுக்கு மட்டும் எழுதினால் போதும், குறைந்தது 1000 சொல். கூடவே பெறுபவரின் கடிதம் இருக்கும்: 'அன்புள்ள யூல்டைட் எழுத்தாளருக்கு' என்று தொடங்குவது வழக்கம். பீட்டர் விம்சியையும் அவர் காதலி ஹாரியட் வேனையும் கேட்கும் ஒரு கடிதத்தை எண்ணிப் பார்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு பிடிக்கும், இருவரும் வாதாடுவது பிடிக்கும், வேலைக்காரர் பன்ட்டருக்கும் ஒரு காட்சி கிடைத்தால் மகிழ்ச்சி, குழந்தை சாவது மட்டும் வேண்டாம். இந்த 'வேண்டாம்' பட்டியலுக்கு மூன்றெழுத்துச் சுருக்கமே உண்டு. விருப்பங்கள் வெறும் யோசனைகள், வேண்டாமென்பது எல்லைக்கோடு என்பது மெல்ல மெல்ல ஊன்றிய வழக்கம்.

விருப்பத்தை எவ்வளவு மதிப்பது என்பதில் நெடுநாள் வாதம் நடந்தது. பரிசு என்றால் கொடுப்பவர் கைக்குச் சுதந்திரம் வேண்டும் என்பது ஒரு கட்சி. ஒரு மனிதர் தம் ஆசையைத் திறந்து காட்டியிருக்கும்போது அதைப் படிக்காமல் எழுதுவது என்ன பரிசு என்பது மறு கட்சி. கடிதத்தில் பன்ட்டரைப் பற்றிய அந்த அரை வரியில்தான் நல்ல கதை ஒளிந்திருக்கும். சொன்னதை அப்படியே செய்வதைவிட, அதை ஏன் சொன்னார் என்று பிடித்துவிடும் எழுத்தாளரே சரியான கோரிக்கையைத் தேர்ந்தவர்.

ரசிகர் புனைவுக்கென்று ரசிகர்களே 2007இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நாவலாசிரியர் நவோமி நோவிக் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த அமைப்பின் கதைக் காப்பகம் 2009 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. அந்த ஆண்டே யூல்டைட்டும் தன் பழைய வீட்டைக் காலி செய்து அங்கே குடியேறியது. பரிமாற்றம் நடத்துவதற்கான கருவிகளும் அதோடு அங்கே வளர்ந்தன. 2019இல் அந்தக் காப்பகம் டப்ளினில் ஹியூகோ விருது பெற்றது.

எழுதுவதாகச் சொன்னவர் பாதியில் கைவிட்டால், பேஸ்பாலில் மாற்று ஆட்டக்காரர் பந்தடிப்பதைச் சொல்லும் 'பிஞ்ச் ஹிட்' என்ற பெயரில் அந்தக் கோரிக்கை தன்னார்வலர்களுக்குப் போகும். நாள் குறைவு, கையில் சில கோரிக்கைகள், யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கு. அங்கே தேர்வு நிமிடக் கணக்கில் நடக்கும். தமக்கு இணையாக வராத கடிதங்களையும் சிலர் உட்கார்ந்து படித்து, யாரும் கேட்காமலே கூடுதல் பரிசாக ஒரு கதை எழுதித் தருகிறார்கள். 1000 சொல்லுக்குக் குறைந்த குட்டிக் கதைகளுக்கு 'மேட்னஸ்' என்று தனித் தொகுப்பே இருக்கிறது.

விழா முடிந்து பெயர்கள் வெளியான பிறகும் பழைய கோரிக்கைகள் பட்டியலில் கிடக்கின்றன. 'புத்தாண்டுத் தீர்மானம்' என்ற ஏற்பாட்டின்படி, முந்தைய ஆண்டுகளில் கேட்டவற்றுக்கும் எப்போது வேண்டுமானாலும் கதை எழுதித் தரலாம். கேட்டவர் அதை மறந்தே போயிருப்பார். திடீரென்று ஒரு மார்ச் மாதத்தில் அவருக்கு மின்னஞ்சல் வரும்: உங்களுக்கு ஒரு பரிசு.