வட்டாரத் தொடர்வண்டி நிறுவனங்களின் பழைய இழுபொறிகள்

பெரிய தொடர்வண்டி நிறுவனங்கள் கழித்துவிட்ட டீசல்-மின் இழுபொறிகளை (லோக்கோமோட்டிவ்) வாங்கிச் செப்பனிட்டு ஓட்டுவது ஐக்கிய அமெரிக்காவின் வட்டாரத் தொடர்வண்டி நிறுவனங்களின் நெடுநாளைய வழக்கமாகும். குறைந்தது 350 மைல் (சுமார் 560 கி.மீ.) பாதையையோ 4 கோடி டாலர் ஆண்டு வருவாயையோ கொண்டு, முதல் தர நிறுவனங்களுக்கான வருவாய் வரம்பை எட்டாதவை வட்டார நிறுவனங்கள் எனப்படும்.

பின்னணி

1980ஆம் ஆண்டின் ஸ்டேகர்ஸ் சட்டம் தொடர்வண்டித் துறையின் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதன்பின் பெரிய நிறுவனங்கள் வருவாய் குறைந்த பாதைகளைப் பெருமளவில் விற்றன. பாதையை வாங்கியவர்களுக்கு உடனடியாக இழுபொறிகள் தேவைப்பட்டன. புதிய இழுபொறி ஒன்றின் விலை அப்போதே பத்து இலட்சம் டாலருக்கு மேல் இருந்தது. அதே காலத்தில் பெரிய நிறுவனங்கள் 1960களில் வாங்கிய இழுபொறிகளைக் கழித்துக்கொண்டிருந்தமையால் பழையவை மலிவாகக் கிடைத்தன.

எஸ்டி45 வகை

இவ்வழக்கத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு எஸ்டி45 ஆகும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் எலக்ட்ரோ-மோட்டிவ் பிரிவு 1965 முதல் 1971 வரை இதனைத் தயாரித்தது. மொத்தம் 1,260 இழுபொறிகள் கட்டப்பட்டன. இதன் 20 உருளை டீசல் எஞ்சின் 3,600 குதிரைத்திறன் தந்தது. 16 உருளைகள் கொண்ட எஸ்டி40 தந்ததோ 3,000 குதிரைத்திறன்.

இந்தக் கூடுதல் 600 குதிரைத்திறனுக்கு விலை இருந்தது. தொடக்க காலத்தில் நீளமான வணரித்தண்டு (கிராங்க்சாஃப்ட்) முறிவது இவ்வகைக்குக் கெட்ட பெயரைத் தேடித்தந்தது. பின்னர் அக்குறை களையப்பட்டது என்றாலும், 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது எரிபொருள் செலவு புதிய குறையாக எழுந்தது. எனவே பெரிய நிறுவனங்கள் எஸ்டி40-2 வகையை விரும்பின. 1980களில் எஸ்டி45கள் வரிசையாகக் கழிக்கப்பட்டன.

விஸ்கான்சின் சென்ட்ரல்

சூ லைன் நிறுவனம் விற்ற சுமார் 2,000 மைல் பாதையில் விஸ்கான்சின் சென்ட்ரல் 1987 அக்டோபர் 11 அன்று இயங்கத் தொடங்கியது. எட்வர்ட் பர்க்கார்ட் இதன் தலைவராக இருந்தார். விஸ்கான்சின் மாநிலத்தின் காகித ஆலைகள் இதன் முக்கிய வாடிக்கையாளர்கள். பர்லிங்டன் நார்தர்ன், சாண்டா ஃபே ஆகிய நிறுவனங்கள் கழித்த எஸ்டி45களை இந்நிறுவனம் வாங்கிச் சேர்த்தது. இவை வடக்கு ஃபாண்டுலாக் நகரிலிருந்த பணிமனையில் பராமரிக்கப்பட்டன. 1993இல் கிரீன் பே அண்ட் வெஸ்டர்ன், ஃபாக்ஸ் ரிவர் வேலி ஆகிய பாதைகளும், 1995இல் கனடாவின் அல்கோமா சென்ட்ரலும் இணைந்தபோது இழுபொறித் தேவை மேலும் பெருகியது.

பெரிய நிறுவனம் வேண்டாமென்றதை இது விரும்பி வாங்கியதன் கணக்கு எளியது. புதிய இழுபொறிக்கான கடன் தவணையை வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியாக வேண்டும். பழைய இழுபொறி ஓடும்போது மட்டுமே கூடுதல் எண்ணெயைக் குடிக்கும். மேலும் 20 உருளை எஞ்சினும் 16 உருளை எஞ்சினும் ஒரே 645 வரிசையைச் சேர்ந்தவை. உருளை, உந்துதண்டு (பிஸ்டன்), மூடி ஆகியவற்றை ஒரே தொகுப்பாகக் கழற்றி மாற்றலாம். எஞ்சினை வண்டியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. நாடெங்கும் ஆயிரக்கணக்கில் ஓடிய பிற இழுபொறிகளின் உதிரிப்பாகங்களே இவற்றுக்கும் பொருந்தின. குறைவான எண்ணிக்கையில் கட்டப்பட்ட வகை எவ்வளவு நல்லதாயினும், பாகம் கிடைக்காவிடில் அது பணிமனையில் நிற்கும் இரும்பே.

தேர்வு முறை

வெளிப்பூச்சைக் கொண்டு பழைய இழுபொறியை மதிப்பிட இயலாது. மசகெண்ணெயில் கலந்துள்ள உலோகத் துகள்களின் அளவு தாங்கிகளின் (பேரிங்) தேய்மானத்தைக் காட்டும். எண்ணெயில் நீர் கலந்திருப்பின் குளிர்நீர் கசிகிறது என்று பொருள். சக்கரங்களைச் சுழற்றும் மின்னோடிகளின் மின்காப்பும் சோதிக்கப்படும். மின்னாக்கி தரும் மின்னாற்றலை மின்தடைப் பெட்டியில் வெப்பமாக்கி, இழுபொறி நின்ற இடத்திலேயே முழுத் திறனையும் அளப்பது இறுதிச் சோதனையாகும். மலிவாக வாங்கியதில் மிஞ்சிய பணத்தைப் பராமரிப்பில் செலவிட்டால் மட்டுமே இம்முறை பயன் தரும்.

புதியவை தேவைப்பட்ட இடம்

விஸ்கான்சின் சென்ட்ரல் தலைமையிலான குழு 1996இல் பிரித்தானியாவின் சரக்குத் தொடர்வண்டிகளை வாங்கி இ.டபிள்யூ.எஸ். நிறுவனத்தை அமைத்தது. அங்கே பர்க்கார்டின் நிர்வாகம் நேர்மாறாக 250 புதிய இழுபொறிகளை (வகுப்பு 66) வாங்கியது. அங்கு கிடைத்த பழையவை அடிக்கடி பழுதாயின. பிரித்தானியப் பாலங்களும் சுரங்கங்களும் குறுகியவை என்பதால் அமெரிக்கப் பழைய இழுபொறிகள் அவற்றினுள் நுழையா.

லாக்-மெகாண்டிக் விபத்து

பர்க்கார்ட் பின்னர் தலைமை வகித்த மாண்ட்ரியால், மெய்ன் அண்ட் அட்லாண்டிக் நிறுவனமும் பழைய இழுபொறிகளையே பயன்படுத்தியது. 2013 சூலை 5 இரவு, கியூபெக் மாநிலத்தின் நான்ட் என்ற ஊரில் 72 எண்ணெய் வண்டிகளுடன் நிறுத்தப்பட்டிருந்த தொடர்வண்டியின் முன் இழுபொறியில் தீப்பிடித்தது. சி30-7 வகையைச் சேர்ந்த அதன் எஞ்சினில் முன்பொரு முறை உரிய வலிமையற்ற பசைப்பொருள் கொண்டு பழுது பார்க்கப்பட்டிருந்ததைக் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. தீயணைப்பின்போது எஞ்சின் நிறுத்தப்பட்டதால் தடைகளுக்கான காற்றழுத்தம் மெல்லக் கசிந்து குறைந்தது. போதிய கைத்தடைகளும் இடப்பட்டிருக்கவில்லை. தொடர்வண்டி தானாக உருண்டு லாக்-மெகாண்டிக் நகரில் தடம் புரண்டு வெடித்ததில் 47 பேர் இறந்தனர். பழுதான எஞ்சின் இதன் பல காரணங்களுள் ஒன்று.

எஸ்டி45களின் முடிவு

2001இல் கனேடியன் நேஷனல் நிறுவனம் விஸ்கான்சின் சென்ட்ரலை வாங்கியது. பெரிய நிறுவனத்தின் கைக்கு மீண்டும் வந்த எஸ்டி45கள் விரைவில் இரண்டாம் முறையாகக் கழிக்கப்பட்டன. 7525 எண் கொண்ட எஸ்டி45 இல்லினாய் தொடர்வண்டி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.