பழுதும் பழியும்: நின்றுபோன கணிப்பொறியின் பக்கமிருந்து ஒரு வரலாறு

1

கணிப்பொறியின் வரலாறு என்ற பெயரில் நமக்கு வாசிக்கக் கிடைப்பதெல்லாம் வேகத்தின் வரலாறுதான். எந்த ஆண்டில் எந்தச் சில்லு வந்தது, முந்தையதை விட எத்தனை மடங்கு விரைவு என்ற வம்சாவளி. சோழர் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானது. வென்ற நாடுகளின் பட்டியல் நீளும். தோற்ற போருக்கு அங்கே வரி கிடையாது. நின்றுபோன இயந்திரங்களுக்கும் அப்படித்தான்.

நின்றுபோனவற்றிலும் கடைசி இடத்தில் இருப்பது, பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டப்பட்ட கணிப்பொறி. அதுவும் விளையாடுவதற்காகப் பூட்டப்பட்டது என்றால் பேசவே தகுதியற்றதாகிவிடுகிறது. விளையாட்டுதானே என்று தள்ளிவிட முடியாது. ஒரு கணிப்பொறியின் எல்லா உறுப்புகளையும் ஒரே நேரத்தில் எல்லை வரை இழுத்துப் பார்ப்பது விளையாட்டுதான். கடிதம் அடிப்பவருக்கு அது ஆண்டுக்கணக்கில் மறைத்து வைக்கும் பலவீனத்தை விளையாடுகிறவனிடம் ஒரே மாலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழில் 'குற்றம்' என்றால் குறைபாடும் அதுதான், தண்டனைக்குரிய செயலும் அதுதான். இயந்திரத்தில் குற்றம் எங்கே என்று தேடத் தொடங்கியதும் குற்றவாளி யார் என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. 'பிழைத்தல்' என்ற சொல்லோ தவறு செய்வதையும் உயிர் தப்புவதையும் ஒருசேரக் குறிக்கிறது. இந்த இரண்டு சொற்களுக்கு இடையில்தான் நான் சொல்லவரும் வரலாறு நடக்கிறது.

2

1945இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டி முடிக்கப்பட்ட எனியாக்கில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். கையேடு எதுவும் தரப்படவில்லை. வரைபடங்களை வைத்துக்கொண்டு இயந்திரத்தைத் தாங்களே கற்றார்கள். கோளாறு வந்தால் எந்தக் குழாய் செத்தது என்று தேடிச் சொல்லும் அளவுக்குக் கற்றார்கள். 1946 பிப்ரவரியில் இயந்திரம் உலகுக்குக் காட்டப்பட்டபோது அன்றிரவு விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. பழுதை அறிந்தவரின் அறிவு அறிவாகக் கணக்கில் வராது என்பது இத்துறையின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

அடுத்த ஆண்டின் கதை எல்லோருக்கும் தெரியும். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணிப்பொறிக்குள் ஒரு அந்துப்பூச்சி சிக்கியது, குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். பொறியாளர்கள் கோளாறைப் 'பூச்சி' என்று அழைப்பது எடிசன் காலத்திலேயே, 1878இலேயே இருந்த வழக்கு. ஆனால் இந்தக் கதைதான் நிலைத்தது. ஏன்? பூச்சி வெளியிலிருந்து வருவது. இயந்திரம் தூய்மையானது, தீங்கு வெளியாளால் வந்தது என்ற கதை யாருக்கு வசதியோ அவர்களால் அது திரும்பத் திரும்பச் சொல்லப்படும்.

3

வீட்டில் கணிப்பொறி பூட்டுவது எப்படிச் சாத்தியமாயிற்று? 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டபோது பெரும்பாலும் வெளிச்சந்தைப் பாகங்களாலேயே அதைக் கட்டியிருந்தது. அதற்கே உரியதாக எஞ்சியது பயாஸ் என்ற சிறு நிரல். சுவிட்ச் போட்டதும் முதலில் விழித்து, உறுப்புகளைச் சோதித்து, எல்லாம் சரியென்றால் ஒரு சின்ன 'பீப்' கொடுப்பது. அதன் காப்புரிமையைக் காம்பாக் நிறுவனம் தாண்டிய விதம் பிரதிக் கோட்பாட்டாளர்கள் கவனிக்கத்தக்கது. ஒரு குழு பயாஸைப் படித்து அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதித் தந்தது. மூலத்தைக் கண்ணால் பார்க்காத இன்னொரு குழு அந்தக் குறிப்பிலிருந்து புதிதாக ஒன்றை எழுதியது. 1984 முதல் பீனிக்ஸ் நிறுவனம் இதே வழியில் எழுதிய பயாஸை யாருக்கும் விற்கத் தொடங்கியதும் கணிப்பொறியின் 'ஆசிரியன்' செத்துப்போனான்.

நம் ஊரில் அந்த மரணத்தின் பலன் 'அசெம்பிள்டு' என்ற சொல்லாக வந்து சேர்ந்தது. தில்லியில் நேரு பிளேஸ், சென்னையில் ரிச்சி தெரு. கம்பெனிக் கணிப்பொறி வாங்க வக்கில்லாதவர்களுக்கு அங்கே பூட்டிக்கொடுத்தார்கள்.

ஆசிரியன் செத்ததைக் கொண்டாடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வண்டி நின்றால் யாரைப் பிடிப்பது? என் அக்கா மகன் 2022இல் பூட்டிய கணிப்பொறி விளையாட்டின் நடுவே அணைந்து அணைந்து எழுந்தது. ஒரு மாதத்தில் எழவே இல்லை. "ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை" என்றான். ரேம் விற்றவர் மதர்போர்டைக் கைகாட்டினார். மதர்போர்டு விற்றவர் கிராபிக்ஸ் கார்டைச் சொன்னார். அதை விற்ற கடையில் "நீங்களே மாட்டினீங்களா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலேயே தீர்ப்பு இருந்தது.

கடைசியில் பழுதுபார்க்கும் ஒருவர் எல்லாவற்றையும் கழற்றினார். மதர்போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை. மற்றதெல்லாம் மேசை மேல். அப்போதும் படம் வரவில்லை. ரேமை மாற்றினார், இல்லை. தன்னிடமிருந்த பழைய பவர் சப்ளை ஒன்றைச் செருகினார், வந்துவிட்டது. கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் இழுக்கும்போது மின்னழுத்தம் தாங்காமல் சரிந்திருக்கிறது. அதனால்தான் மற்ற வேலைக்கெல்லாம் ஒழுங்காக ஓடி விளையாடும்போது மட்டும் விழுந்தது. நாளடைவில் முழுதாகவே போய்விட்டது. "மாத்திப் போட்டுப் பார்த்தாத்தான் சார் தெரியும்" என்றார்.

அந்த வாக்கியத்தில் ஒரு அறிவுமுறை இருக்கிறது. சந்தேகப்பட்டதை எடுத்துவிட்டு நல்லதென்று தெரிந்த ஒன்றை வைத்துப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. ஆனால் இந்த முறைக்கு இரண்டாவது பாகம் வேண்டும். ஒரே ஒரு கணிப்பொறி வைத்திருப்பவனால் தன் கணிப்பொறியின் பழுதைத் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. ரிச்சி தெருவின் பழைய பாகக் குவியல்களை அதனால்தான் ஆவணக்காப்பகம் என்கிறேன். ஒருவன் பிழை இன்னொருவன் பிழைப்பு என்று இதைக் கேலி செய்யலாம்; ஆனால் வாங்கியவன் சொல்லுக்குச் சாட்சி சொல்ல அந்தக் குவியல்தான் இருக்கிறது.

4

ஆசிரியன் பெயர் ஒட்டியிருந்தால் மட்டும் நீதி கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை.

1994 ஜூனில் அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி இரட்டைப் பகா எண்கள் பற்றிய தன் கணக்கில் பொருந்தாத விடை ஒன்றைக் கண்டார். நிரலா, கம்பைலரா, மதர்போர்டா என்று ஒவ்வொன்றாக விலக்க அக்டோபர் வரை ஆயிற்று. எஞ்சியது இன்டெலின் பென்டியம் சில்லு. வகுத்தலுக்கான அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்தன. நிறுவனத்துக்கு அது முன்பே தெரியும். சாதாரணப் பயனாளருக்கு இப்பிழை 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் எதிர்ப்படும் என்றது. தேவை உண்டென்று காட்டுபவர்க்கே மாற்றித் தருவோம் என்றது. எதிர்ப்பு வலுத்த பின்பே, டிசம்பர் 20 அன்று, கேட்பவர்க்கெல்லாம் தர இணங்கியது. அதற்கான செலவுக் கணக்கு 47.5 கோடி டாலர். பிழை வெளிப்பட்ட பிறகும் ஆறேழு வாரம் நடந்த சண்டை நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பது பற்றியதுதான்.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதர்போர்டுகளில் மின்தேக்கிகள் உப்பி, தலை வெடித்துக் கசிந்தன. உள்ளிருந்த மின்பகு திரவத்தின் சேர்மானம் தவறு. டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை இந்த ஆபத்துள்ள கணிப்பொறிகளை 1 கோடியே 18 லட்சம் அனுப்பியிருந்தது என்பது, ஒரு வாடிக்கையாளர் தொடுத்த வழக்கின் ஆவணங்கள் 2010இல் வெளியானபோது தெரிந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் இயந்திரங்கள் சாகத் தொடங்கியபோது நிறுவனம் கண்ட காரணம் என்ன தெரியுமா? கடினமான கணக்குகளைப் போடச் சொல்லி இயந்திரத்தை வதைத்துவிட்டார்களாம்! கணிப்பொறியில் கணக்குப் போட்டது குற்றம்.

அந்த ஆவணங்களில் இன்னொன்று. வாடிக்கையாளரிடம் நீங்களாக இதைப் பேச்செடுக்க வேண்டாம், நிச்சயமின்மையை அழுத்திச் சொல்லுங்கள் என்று விற்பனையாளர்களுக்கு அறிவுரை. 1990களின் சிறுபத்திரிகைகளில் 'நிச்சயமின்மை' விடுதலையின் சொல்லாக வந்தது. ஒற்றை உண்மையின் அதிகாரத்துக்கு எதிராக அதை எடுத்தோம். அதே சொல் விற்பனைத் துறையின் கையில் வாயடைக்கும் கருவியாவதையும் நாம் பார்த்தாக வேண்டும். பழுது எங்கே என்று யாருக்கும் தெரியாதவரை பழி வாங்கியவன் மேலேயே தங்கும்.

5

அண்மைய அத்தியாயம் முழுக்க விளையாடுகிறவர்களுடையது. 2022, 2023 அக்டோபர்களில் வந்த இன்டெலின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை உயர்ரகச் சில்லுகள் விளையாட்டின் நடுவே விழத் தொடங்கின. திரையில் வந்த செய்தி, வீடியோ நினைவகம் போதவில்லை என்பது. பழுது பிராசஸரில்; பழி கிராபிக்ஸ் கார்டின் மேல். கார்டை மாற்றினார்கள், ரேமை மாற்றினார்கள், விண்டோஸை அழித்துப் போட்டார்கள், விழுவது நிற்கவில்லை. பிழைச் செய்தியும் ஒரு பிரதிதான். அதைச் சொல்வது யார் என்று பார்க்காமல் நம்புவதற்கில்லை.

2024 ஏப்ரலில் இன்டெல், மதர்போர்டுகள் தன் பரிந்துரையைத் தாண்டி மின்சக்தி தருகின்றன என்றது. அதில் உண்மை இல்லாமலில்லை. பின்னர் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் வேகத்தைக் கூட்டாத, சர்வருக்கான நிதானமான பலகைகளிலும் அதே சில்லுகள் விழுந்தன. விளையாட்டுச் சர்வர்கள் நடத்தியவர்களிடம் நூற்றுக்கணக்கில் இயந்திரங்கள் இருந்ததால் மாற்றிப் போட்டுப் பார்க்கவும் எண்ணிக் காட்டவும் முடிந்தது. 2024 ஜூலையில்தான் சில்லின் நுண்நிரலே தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கியது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆகஸ்டில் உத்தரவாதம் இரண்டு ஆண்டு நீட்டப்பட்டது, திருத்தமும் வந்தது. ஏற்கெனவே தேய்ந்த சில்லை அந்தத் திருத்தம் மீட்காது.

6

இந்த நிகழ்வுகளைத் தற்செயல்கள் என்று அடுக்கி வைக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொன்றிலும் பழி முதலில் பயன்படுத்துகிறவன் மேல் இறங்குகிறது. பிறகு பக்கத்துப் பாகத்துக்குப் போகிறது. உற்பத்தியின் வாசலுக்கு அது வந்துசேரப் பல மாதங்கள் ஆகின்றன, சில நேரம் நீதிமன்றம் தேவைப்படுகிறது. அங்கே அதைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள், ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் பொறுமையும், ஒப்பிட இன்னொரு பாகமும், 'எனக்கும் இப்படித்தான்' என்று சொல்லப் பக்கத்தில் ஆளும் இருந்தவர்கள்.

நம் இயக்கங்களுக்கு இதில் வேலை இருக்கிறது. உத்தரவாதச் சட்டம், பழுதுபார்க்கும் உரிமை, உதிரிபாக விலை இவையெல்லாம் நுகர்வோர் சங்கத்தின் சில்லறை விஷயங்கள் என்று இலக்கிய, அரசியல் பத்திரிகைகள் விட்டுவைத்திருக்கின்றன. நிரூபிக்கும் சுமையை எவன் சுமப்பது என்பதைவிட அரசியலான கேள்வி எது? "நீங்களே மாட்டினீங்களா?" என்று கேட்கிறவரிடம், "ஆமாம், நானேதான் மாட்டினேன். உங்க பாகம் நல்லதுன்னு நீங்க காட்டுங்க" என்று திருப்பிச் சொல்லும் நிலை சட்டத்தில் வர வேண்டும். அதுவரை ஒரு பழைய பவர் சப்ளையைத் தூக்கிப்போடாமல் பரணில் வைத்திருங்கள். யாருக்காவது சாட்சி தேவைப்படும்.